எங்கன சத்தம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததில் பாதிக்கு அதுதான் பொறுப்பு. பஸ்ஸுக்கு நின்றால் நிமிடத்துக்கு ஒரு தரம் ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பேன். உலை கொதிக்கும்போதே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவனிடம்தான் நாற்பது நிமிட ஆங்கிலப் பேச்சைக் கொடுத்து, ஒரு சொல் விடாமல் கேட்டு டைப் அடித்து அனுப்பு என்றார்கள்.

சென்னையில் ஒரு கம்பெனி. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து வைத்ததை வீட்டில் இருந்தபடியே எழுத்தாக்கித் தருகிற வேலை. இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சிவகாசிப் பக்கம் எங்கள் எம். புதுப்பட்டியில் அப்படியொரு வேலையை யாரும் கேள்விப்பட்டதில்லை. காலேஜ் முடித்த ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தலையில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நான் கண்டுகொள்ளவில்லை. இந்த வேலை கிடைத்துவிட்டால் அம்மாவைப் பட்டாசு ஆலையிலிருந்து நிறுத்திவிடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பா மஞ்சள்காமாலையில் இறந்த வருடம் அம்மா ஆலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்போது நான் பத்தாவது. குழாய்களில் திரி சொருகும் அறையில் அவளுக்கு வேலை. "மருந்து ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல ரெண்டு ரூம் இருக்குலே" என்பாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு, இரண்டே அறைதானா என்று இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் ஒன்றுதான். எங்கோ தூரத்தில் தொம்மென்று ஒன்று கேட்கும். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். "எங்கன சத்தம்?" என்று ஒருவர் கேட்பார். ஆனைக்குட்டம் பக்கம் என்பார் ஒருவர், அச்சங்குளமாம் என்பார் இன்னொருவர், கல்குவாரியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வோம். நான் மாடிக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்பேன். அம்மாவின் ஆலை இருக்கும் திசை இல்லை என்று கண் சொன்னாலும் கால் நிற்காது. சாயந்தரம் ஆலை வேன் தெருமுனையில் நின்று அம்மா இறங்குகிறவரை வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவள் இறங்கியதும், தண்ணீர் வந்தது, பிடித்து வைத்திருக்கிறேன் என்று எதையாவது சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வெடித்தது என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. டயர் 'போயிருச்சு'. பலூன் 'உடைஞ்சிருச்சு'. சுவரில் 'கீறல் விட்டிருக்கு'. ஆலையில் செய்வதைக்கூடச் சரக்கு என்போம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை, பேச ஆரம்பிக்கும்போதே படிந்துவிடுகிற பழக்கம்.

வேலைக்கு வருகிறேன். வேலை தருவதற்கு முன்னால் என்னைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் கொரியரில் ஒரு சிடி அனுப்பியிருந்தார்கள். அதில் பேச்சும், அதைக் கேட்டு டைப் அடிக்க அவர்களே செய்த புரோகிராமும் இருந்தன. புரோகிராம் லினக்ஸில் மட்டும்தான் ஓடும். என்னிடம் இருந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ். அதை அழிக்க முடியாது, ஏனென்றால் கம்ப்யூட்டரே என்னுடையது இல்லை. சிவகாசியில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிற பாய் ஒருவர், தன் கடைக்குப் புதிது வாங்கியபோது பழையதை என் வீட்டில் கொண்டுவந்து வைத்து, "டிசைன் ஆர்டரை இங்கனயே முடிச்சுக் குடுங்க தம்பி, பைல் ஒண்ணும் அழிஞ்சிராமப் பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தார். கிளி, மயில், ராக்கெட் என்று அவருடைய பத்து வருடத்து லேபிள்கள் அதற்குள் கிடந்தன.

ஆகவே விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உண்டாக்கி அதில் லினக்ஸைப் போட்டேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். விண்டோஸ் வீட்டுக்காரர் என்றால் லினக்ஸ் உள் அறையில் வாடகைக்கு இருப்பவர். வாடகைக்காரர் பேசுவது வெளியே கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழியில்தான் தகராறு.

டாக்டர் வாயைத் திறந்ததுமே சத்தம் சிதறியது. ஒரு சொல் வரும், அடுத்த சொல்லின் நடுவில் படபடவென்று எண்ணெயில் கடுகு விழுந்தது போல ஒரு பொரிச்சல், பிறகு பாதிச் சொல். மருந்தின் பெயரா நோயின் பெயரா என்று பிரித்தறிய முடியவில்லை. சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அன்று திங்கள். இதில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் வேறு போய்விடும்.

முதலில் ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன். அதையே மாட்டி விண்டோஸில் பாட்டுக் கேட்டால் கண்ணாடி மாதிரி தெளிவு. வாடகைக்காரரிடம்தான் கோளாறு. வால்யூமைக் குறைத்தால் பொரிச்சலும் கூடவே குறைந்தது, போகவில்லை. மெமரியைக் கூட்டிக் கொடுத்தேன். விண்டோஸ் மூச்சுத் திணறி, மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சாவகாசமாக வந்து சேர்ந்தது. உள்ளே காட்டுகிற சவுண்டு கார்டின் ரகத்தை மாற்றினேன். ஊமையாகிவிட்டது. இன்னொரு ரகத்துக்கு மாற்றினேன். இந்தத் தடவை டாக்டர் குடித்துவிட்டு வந்தவர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார். நான் திட்டிய திட்டை அவர் கேட்டிருந்தால் பிராக்டீஸையே விட்டிருப்பார்.

புதன்கிழமை சிவகாசிக்கு பஸ் ஏறி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். இதே பிரச்சினையோடு உலகம் முழுக்க ஆட்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள், வெடிக்கிறது, பொரிகிறது என்று. ஆளுக்கு ஒரு வைத்தியம். பலரும் சொன்னது, சத்தத்தை அனுப்புகிற லோடின் அளவை மாற்று என்பது. பேச்சு ஒரே ஓட்டமாகப் போவதில்லையாம், சின்னச் சின்ன லோடாகப் பிரிந்து போகுமாம். அந்த அளவு எழுதப்பட்ட பைல் எங்கே இருக்கிறது, எந்த வரி என்றும் போட்டிருந்தது. நாலு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். வழியெல்லாம் அங்கங்கே புரட்டிக்கொண்டு வந்ததில் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அந்த வரியில் இருந்த எண்ணை மாற்றினேன். மோசமாகிவிட்டது. இன்னும் மாற்றினேன். இன்னும் மோசம். ஒருவேளை ஸ்பீக்கரில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமை முழுக்க வைத்து ஓடவிட்டேன். ஜன்னல் அதிரும்படி தொம்மென்று ஒன்று, அதன் பின்னால் சரமாகப் பொரிச்சல்.

"ஏலே, என்னலே சத்தம்?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல்.

எனக்கு இருந்த எரிச்சலில், பிரவுசிங் சென்டரில் படித்த சொல் அப்படியே வாயில் வந்துவிட்டது. "சத்தம் வெடிக்குதுக்கா. காலையில இருந்து வெடிச்சுக்கிட்டே இருக்கு. உயிர் போகுது" என்று கத்திவிட்டு, மறுபடி ஹெட்போனை இணைத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். வெயில் திரையில் விழாமல் இருக்க ஜன்னல் சாத்தியிருந்தது. கதவில் தாழ்ப்பாள். அக்கா கதவைத் தட்டியதும் கூப்பிட்டதும் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுப் பரணில் திரிக்கட்டு இருந்தது அவளுக்குத் தெரியும். ஆலையிலிருந்து திரியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஆனால் தீபாவளி சீசனில் கூலிக்கு வெட்டிக் கட்டித் தர எல்லா வீட்டிலும் இருந்தது, அவள் வீட்டிலும். தெருவில் மொபைல் வைத்திருந்தவளும் அவள்தான். அவள் ஆலை கேட்டுக்குப் போன் போட்டாள்.

கதவு உடைகிற மாதிரி அதிர்ந்தபோதுதான் எழுந்து போனேன். "இப்ப என்ன?" என்று கேட்டுக்கொண்டேதான் திறந்தேன். அம்மா நின்றாள். காலில் செருப்பு இல்லை. மூன்று கிலோமீட்டரில் பாதியை ஓடியும், மீதியை யாருடைய மொபெட்டின் பின்னாலோ உட்கார்ந்தும் வந்திருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் இழுத்து விரித்து விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையில் இருந்த ஆலையின் வெள்ளிப் பொடி என் விரல்களிலெல்லாம் ஒட்டியது. பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எங்கனலே சத்தம்?"

நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது.

"நீதானலே வெடிக்குதுன்னு சொன்ன, உயிர் போகுதுன்னும் சொன்ன" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"கம்ப்யூட்டர்ல சத்தம் உடைஞ்சு உடைஞ்சு வருதுக்கா. அதைத்தான் சொன்னேன்."

யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். "வாயில வேற வார்த்தையா இல்ல உனக்கு?" என்று திட்டிக்கொண்டே அக்கா அழுதாள். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். குதிகாலில் முள் குத்தியிருந்தது. நான் பிடுங்கப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள். முள்ளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"நாங்க அங்கன இருக்கும்போது எங்கிட்டாச்சும் சத்தம் கேட்டா, உனக்கும் இப்படித்தான் இருக்குமாலே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமாம்மா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். பரணில் இருந்த திரிக்கட்டை இறக்கிப் பையில் போட்டுக் கட்டி, நாளை வேனிலேயே கொடுத்தனுப்பிவிடலாம் என்றாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவ்வளவு நேரம் கையைக் காலை ஆட்டாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் பிரிண்ட் எடுத்த தாள் கிடந்தது. அதை முதல் தடவையாக முதல் வரியிலிருந்து படித்தேன்.

அளவைக் கூட்டு என்று எழுதியிருந்தது. நான் காலையிலிருந்து குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். பட்டனை அமுக்கியதும் உடனே பேச வேண்டும், அரை நொடி தாமதித்தாலும் எனக்கு ஆகாது, அதனால் லோடு சின்னதாக இருந்தால் சீக்கிரம் வரும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சின்ன லோடு சீக்கிரம் தீர்ந்துபோகும். அடுத்தது வந்து சேர்வதற்குள் நடுவில் சும்மா நிற்கிற இடம்தான் அந்தப் பொரிச்சல். எண்ணை நாலு மடங்கு கூட்டினேன். பட்டனை அமுக்கினால் அரை நொடி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் டாக்டர் பேசினார், எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா திரிப் பையோடு தெருமுனைக்குப் போனாள். சாப்பாட்டுத் தூக்கு கையில் இல்லை என்பதைக் கவனித்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

"ஏறுங்கக்கா, நேத்து நீங்க ஓடுனதுல போர்மேன் பயங்கரக் கோவத்துல இருக்காரு. வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார் டிரைவர்.

"நான் வரலப்பா. இந்தப் பையை மட்டும் குடுத்துருங்க. இனிமே எனக்காக நிறுத்தாதீக."

வேன் நகர்வதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "எனக்கு இன்னும் வேலையே கிடைக்கலம்மா. டைப் அடிக்கவே ஆரம்பிக்கல. இன்னும் ரெண்டு மாசம் போயிட்டு நின்னா என்ன? சீசன் வேற" என்றேன். அத்தனை வருடமாக நில் நில் என்று மனதுக்குள் மன்றாடியவன், நடுத்தெருவில் போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உன் வேலைக்காக நிக்கலலே" என்றாள். "நேத்து ஓடி வந்த ஓட்டத்தை நீ இத்தனை வருசமா ஓடிக்கிட்டு இருந்திருக்க. எனக்கு ஒரு நாளைக்கே தாங்கல."

அன்றும் மறுநாளும் கரண்ட் இருந்த நேரமெல்லாம் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தையும் அடித்து முடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் சிவகாசி போய் அனுப்பினேன். பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை, என் ஆங்கிலத்தில்தான் குறை. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. சொன்னபோது அவள் வாசலில் உட்கார்ந்து, சிவகாசி பாய் கொடுத்தனுப்பிய லேபிள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "சரி, இதுல ஒரு பக்கத்தைப் பிடி" என்றாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்காமல் கடந்து போயிற்று.