மூங்கிலரிசியும் மரகதப்புறாவும் என் சகலையும்

காலை ஐந்தரைக்கு மீனாட்சிபுரம் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு நேராகச் சகலையின் காரில் ஏறினேன். சகலை பழனிச்சாமி என் மனைவியின் அக்காள் கணவர். போன மாதம் மறையூர் போனவர், மூங்கிலரிசி கொத்தும் மரகதப்புறாவைப் படம் பிடித்து வந்தார். மாமனார் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். பத்து வருஷமாகப் பறவை பார்க்கிறவன் நான். அவர் கேமரா வாங்கியதே இந்தத் தீபாவளிக்குத்தான். வயிறு எரியாதா? அதைவிட நல்ல படம் ஒன்று எடுத்தே தீருவது என்று கிளம்பினேன். மூங்கில் ஆயுளில் ஒரே தடவை பூத்து, அரிசி போன்ற விதையை உதிர்த்துக் காய்ந்துவிடும். இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பில்லை.

உடுமலையில் டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். சின்னார் சோதனைச் சாவடி தாண்டியும் சகலை தன் புறாவின் புராணத்தை நிறுத்தவில்லை.

ஒன்பது மணிக்கு, சகலைக்குப் பழக்கமான மறையூர் விவசாயி முருகையாவின் கரும்புத் தோட்டம். காட்டை ஒட்டிய ஓரத்தில் இரண்டு மூங்கில் புதர்கள் வைக்கோல் நிறத்தில் நின்றன. உச்சியில் சில்லைக் குருவிகள் கூட்டமாகத் தொங்கிக் கொத்த, விதை பொலபொலவென்று உதிர்ந்தது. காட்டுக்கோழி ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு புதராகப் பிரித்துக்கொண்டோம்.

அரிசி சருகுக்குள் விழுந்து வீணாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நெற்களத்தில் வளர்ந்த கை! முருகையாவிடம் விளக்குமாறு வாங்கி, என் புதரடியைச் சுத்தமாகக் கூட்டி, விதையை நடுவில் குவித்து வைத்தேன்.

"என்னண்ணே, புறாவுக்குப் பந்தி வைக்கிறீகளா?" என்று முருகையா சிரித்தார்.

பதினொன்று வரை சில்லைகள்தான் வந்தன. சகலை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சகல, இப்பிடி மொட்டையாக் கூட்டிப்போட்டா அது எறங்குமுங்களா? வல்லூறுக்குப் பயப்படுமுங்கல்ல?"

எனக்குத் தெரியாததா? ஆனால் இவர் வாயால் அல்லவா கேட்க வேண்டியிருக்கிறது!

சாப்பாட்டுக்குப் பின் சகலை தன் புதரடியில், சருகின் மேலேயே துண்டை விரித்துத் தூங்கிப்போனார். உதிர்ந்த விதை துண்டிலும் வேட்டி மடிப்பிலும் சேர்ந்தது. சற்று நேரத்தில் சருகுக்குள்ளிருந்து பச்சை முதுகும் சிவந்த அலகுமாக அது நடந்து வந்தது. மரகதப்புறாவேதான். துண்டில் ஏறி, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகக் கொத்தியது. நான் அசைந்தால் பறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே எடுத்தேன். என் வாழ்நாளிலேயே நல்ல படம். அதில் பாதிக்குச் சகலை. கேமராவிலேயே அவரை வெட்டி நீக்கிப் பார்த்தேன். படத்தில் உயிரே போய்விட்டது.

சிறகோசையில் அவர் விழித்தார். "வந்துதுங்களா?"

"இல்லைங்க." அவர் பார்க்காதது ஒன்றாவது எனக்கே எனக்கென்று இருக்கட்டுமே!

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா! ராத்திரி தங்கி, காலைல பாத்துட்டுப் போலாமுங்க. உங்கூட்டு மாட்டையும் சேத்துக் கறக்கச் சொல்லி எம்பையனுக்குப் போன் பண்றேன். உங்களுக்குக் கெடைக்கோணும்னுதானுங்க நான் வந்ததே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கேமராவை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"புறாவைவிட என்ற தொப்பைதானுங்க பெருசாத் தெரியுது!" என்று குலுங்கிச் சிரித்தார். பிறகு, "நான் எடுத்ததெல்லாம் ஒண்ணுமேயில்லீங்க சகல. இதுதானுங்க படம்" என்றார்.

நாலு மணிக்கு மலையிறங்கினோம். ஜெயித்துவிட்டுத்தான் திரும்புகிறேன். ஆனால் இவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்குமா? உடுமலை வரைக்கும் அதை நினைத்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.