அக்காவின் இடக்கைச் சத்தகம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். ஐயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா எட்டாம் வகுப்போடு நின்றா. இடம்பெயர்வால் நின்றது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். அது பாதி உண்மை. கண்டாவளைக்குத் திரும்பி வந்தபிறகு இரண்டு பேரையும் படிப்பிக்க வீட்டில் வழியிருக்கவில்லை. அக்கா பனையோலை வேலைக்குப் போனா. நான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, இப்போது உழவு இயந்திரம் திருத்தும் கராச்சில் வேலை.

அக்கா பின்னாத சாமான் இல்லை. பெட்டி, கடகம், பாய், தொப்பி, இப்போது கொழும்பில் கேட்கிறார்கள் என்று கைப்பை. போன மாரி முடிய அவாவின் இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. அக்கா இடக்கைக்காரி. வேலை முழுக்க அந்தக் கைதான். இப்படியே போனால் ஓலை வேலையை விடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"விட்டா என்ன, ஆடு வளப்பன்" என்றா அக்கா.

"ஆடும் உன்னை மாதிரித்தான், சொல்லுக் கேளாது" என்றா அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அக்கா துணி சுற்றிய கையோடு ஒரு சார்வோலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தா. வெயிலில் காய்ந்து வெளுத்த இளம் ஓலை. அதை நாராக வாரவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அன்றைக்குக் கராச்சில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவாவின் சத்தகத்தை எடுத்துத் தீட்டினேன். ஓலையை நாராக வாருகிற சின்னக் கத்தி அது. விரல் நீளத்துக்கு அலகு, அதைவிட நீளமாகப் பிடி. எங்கள் பக்கத்துச் சத்தகத்துக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மற்றப் பக்கம் தட்டை. தட்டைப் பக்கம் ஓலையோடு ஒட்டிக்கொண்டு நேராக ஓடும். கல்லில் தேய்க்கத் தேய்க்கத்தான் எனக்கு உறைத்தது. சரிவு வலக்கைக்காரருக்கான பக்கத்தில் இருந்தது. இடக்கையில் பிடித்தால் கத்தி ஓலையை விட்டு விலகி ஓடப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்க மணிக்கட்டை உள்ளுக்குத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். அக்கா பத்து வருசத்துக்கு மேலாக அப்படித்தான் திருப்பி வைத்திருந்தா. கடையில் விற்கிற எல்லாச் சத்தகமும் அதே பக்கம்தான். அந்தக் கையின் உழைப்பில் படித்த நான் ஒருநாளும் அதைக் கவனிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அப்ப பிழை என்ர கையில இல்லையோ?"

"இல்லை. கத்தியில."

"அம்மா, கேட்டியளே? இடக்கை, இடக்கை எண்டு எத்தினை தரம் குட்டினனீங்கள்."

அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "குட்டினதாலதான் இந்தளவுக்காவது வந்தனி" என்றா.

கராச்சில் உருக்குக்குப் பஞ்சமில்லை. லொறி வில்லுத்தகடு தடிப்பு. அதை அரிசி மணி அளவுக்கு மெலியவைக்க ஒரு மாதம் வேணும். மெக்கானிக் அண்ணை தந்த வாள் அலகு என்ன உருக்கென்று யாருக்கும் தெரியாது. ஒரு மொட்டை அரத்தை எடுத்துச் சாணை மெசினில் உரசிப் பார்த்தேன். பூந்திரி கொளுத்தினமாதிரிப் பொறி நுனியில் கிளைகிளையாக வெடித்தது. கரி கூடின உருக்கு, மெல்லிய கூருக்கு அதுதான் தோது. அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தால் மறுநாள் வாளால் அறுக்கிற அளவுக்கு மெதுவாகிவிடும். வடிவத்துக்கு வெட்டிய பிறகு திரும்பக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். இதைத்தான் தோய்ச்சல் என்பது. எண்ணெய் வடைக்கடையில் கேட்டு வாங்கினேன். முற்றத்தில் கிடங்கு வெட்டிச் சிரட்டைக்கரி போட்டு, சலூன்காரர் கழித்துவிட்ட தலைமயிர் காயவைக்கிற மெசினால் காற்று அடித்தேன்.

முதல் அலகைச் சரிவு வெட்டிவிட்டுத்தான் தோய்த்தேன். ஒரு பக்கம் மெல்லிசு, மற்றப் பக்கம் தடிப்பு, இரண்டும் ஒரே வேகத்தில் ஆறாது. எண்ணெயிலிருந்து எடுக்கும்போது வளைந்திருந்தது.

"இது ஓலை வாரவோ, காது குடையவோ?" என்று அக்கா கேட்டா. வடை வாசத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் வந்து கிடங்கடியில் குந்தியிருந்தது.

இரண்டாவதைத் தட்டையாகவே தோய்த்து, பிறகு தண்ணீரில் நனைத்து நனைத்துச் சரிவைத் தேய்த்தேன். இடக்கைக்கான பக்கத்தில். நேராக வந்தது. அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவு கடினம். தோய்ச்ச உருக்கைப் பிறகு மெல்லிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து இளக்க வேண்டும், இல்லாவிட்டால் உடையும் என்று வகுப்பில் படித்தவன்தான் நான். கூர் நீண்ட நாள் நிற்கட்டும், அழுத்தி வார வேண்டாம், கை ஆறட்டும் என்று நினைத்து இளக்கலைக் குறைத்துவிட்டேன். நெருப்பில் இரண்டு தரம் காட்டியதோடு சரி. பிடி போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

நாலாம் நாள் அக்காவின் பெருவிரலில் துணி கட்டியிருந்தது.

"என்ன அது?"

"வெண்டிக்காய் வெட்டினது."

அன்றைக்கு வெண்டிக்காய்க் கறி இல்லை. அவா ஊசி நூல் வைக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன். சத்தகத்தின் நுனி, நகத் துண்டளவு, கடுதாசியில் சுற்றிக் கிடந்தது. மிச்ச அலகைக் கல்லில் தேய்த்து அதனாலேயே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறா.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ இன்னொண்டு செய்யிறன் எண்டு வேலைக்கும் போகாமல் நிப்பாய்."

"விரலில குத்தினது கண்ணில பட்டிருந்தா?"

"படேல்லைத்தானே. விடு தம்பி."

அலகு உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாவைப்போல மிருதுவாக, சாம்பல் நிறமாக இருக்க வேண்டியது கல்லுப்பு உடைத்தமாதிரி மணிமணியாக மினுங்கியது. அப்போதுதான் விளங்கியது, இளக்கல் குறைந்தது மட்டுமில்லை, காய்ச்சினதும் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில், வெட்ட வெளியில், நிறத்தைப் பார்த்துச் சூடு கணித்திருக்கிறேன். வன்னி வெயிலில் கொதிக்கிற உருக்குக்கூட மங்கல் சிவப்பாகத்தான் தெரியும். சூடு காணாது, காணாது என்று காற்றை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்க மனம் வரவில்லை.

மூன்றாவதை மாட்டுக்கொட்டிலுக்குள் காய்ச்சினேன். சுற்றிவரச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு கம்பியில் கட்டி வைத்திருந்தேன். தோய்க்கிற சூட்டுக்குக் கிட்ட வந்தால் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது நின்றபிறகு இன்னும் ஒரு சொட்டுச் சூடுதான், அதற்குமேல் ஒரு மூச்சுக் காற்றும் அடிக்கவில்லை. எண்ணெயில் இறக்கினேன். நேராக வந்தது.

இனி இளக்கல். இருநூறு பாகை அளவில், நெருப்புப் படாமல், ஒரே சீரான சூட்டில் ஒரு மணித்தியாலம் வைக்க வேணும், பாண் சுடுகிற போறணை எங்கேயாவது கிடைக்குமோ தெரியாது என்று புலம்பினேன்.

"எவ்வளவு சூடெண்டு சொன்னனி?" என்று அக்கா கேட்டா.

"சொன்னா உனக்கு விளங்காது."

"விளங்குற மாதிரிச் சொல்லன், படிச்சவன்தானே."

"கருகக் கூடாது, பச்சையாவும் இருக்கக் கூடாது."

"அது கச்சான் கடலை வறுக்கிற சூடெல்லே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்க்க, மணல் போட்டுத்தான் கச்சான் வறுக்கிறோம். மணல் நெருப்பைப்போலப் பாயாது, சூட்டைப் பொத்தி வைத்திருக்கும். அம்மாவின் மண்சட்டியில் மணலைக் கொட்டி அக்கா அடுப்பில் ஏற்றினா. நோகிற கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் கிளறினா. ஒரு பிடி கச்சானைப் போட்டு, ஒன்றை எடுத்து உடைத்து, தோல் கழன்று வருகிறதா என்று பார்த்தா.

"இன்னும் காணாது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வை. நான் இந்தச் சூட்டைப் பிடிச்சு வைப்பன். நீ கத்தியைப் பார்."

அரத்தில் வெட்டி மிஞ்சிய துண்டைப் பளபளக்கத் தேய்த்து அலகோடு சேர்த்து மணலில் புதைத்தேன். விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக அக்கா அடுப்படியை விட்டு எழும்பவில்லை. எடுத்துப் பார்த்தபோது துண்டு முழுக்க வைக்கோல் நிறம், சரியாக இளகியதன் அடையாளம், ஓரிடமும் கூடக் குறைய இல்லை. என் கைக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கச்சானைத் தின்றுகொண்டே பார்த்தோம்.

கத்தி சரி. ஆனால் கை உடனே சரிவரவில்லை. முதல் கிழமை அக்கா வார்ந்த ஓலையெல்லாம் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் நூலாகப் போனது. இவ்வளவு காலமும் இழுத்துப் பிடித்துப் பழகின கை, நேராகப் போகிற கத்தியையும் இழுத்தது.

"உன்ர கத்தி நல்லம். நான்தான் கோணல்" என்று ஒருநாள் சொன்னா. பழைய சத்தகத்தைத் தேடி எடுத்தா. தடுக்க எனக்கு என்ன உரிமை? கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, அம்மாவிடம் தேங்காய்ச் சிரட்டை சுரண்டக் கொடுத்தா. "நீங்கள் வலக்கைதானே" என்றா.

அதற்குப் பிறகு தினமும் பழுதான ஓலைகளில் பழகினா, எழுத்துப் பழகுகிற பிள்ளைமாதிரி. வீக்கம் மெதுவாக வற்றியது. டொக்டர் தந்த துணியை எப்போது அவிழ்த்தா என்று எனக்குத் தெரியாது.

போன கிழமை வேலை முடிந்து வந்தேன். அக்கா வேப்பமர நிழலில் இருந்து வார்ந்துகொண்டிருந்தா. கண் ஒழுங்கையில் போகிற யாரோ ஒருவர்மேல் இருந்தது, ஓலை நார் நாராக மடியில் விழுந்துகொண்டிருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு, "கை நோகுதோ?" என்று கேட்டேன்.

"எந்தக் கை?" என்றா அக்கா.