சக்கை போன அடுப்பு

வடக்கனந்தல் பக்கம் கரும்புச் சக்கையைக் கூழாக்கி, அச்சில் அழுத்தித் தட்டு செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. வெளிநாட்டுக் கடை ஒன்று எங்கள் தட்டை வாங்க முன்வந்தது. ஒரே நிபந்தனை. தட்டு உருவாவது முதல் மக்கி மண்ணாவது வரை மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன கெடுதல் செய்கிறது என்று ஓர் ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆர்டர் வந்தால்தான் பட்டறை ஓடும். இல்லையென்றால் என்னை நம்பி வேலைக்கு வரும் பெண்கள் மறுபடியும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போக வேண்டும். ஆய்வாளர் வருவதற்கு முதல்நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் அதிகம் பேசவில்லை. கரண்ட், தண்ணீர், லாரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சக்கைக்கு வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அது குப்பைதானே, ஆலையிலிருந்து என் மாமா டிராக்டரில் அனுப்பிவிடுவார், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். நானே அந்தப் பக்கம் போய் ஒரு வருடம் இருக்கும்.

கல்வராயன் மலையடிவாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலை என் தாய்மாமனுடையது. ஆய்வாளரைக் கூட்டிப் போனபோது தூரத்திலேயே புகை தெரிந்தது. சக்கை எரிந்தால் அத்தனை கறுப்பு வராது. கிட்டே போனால், அடுப்பு வாயில் பழைய டயர் துண்டுகள். நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

“இன்னா மாமா இது?”

“சக்கை பூரா உனக்குத்தானே வந்துக்கினு இருக்கு. அடுப்புல வேற இன்னாத்தப் போடுறது? தங்கச்சி மவ தொழில் பண்ணுது, இல்லன்னு சொல்ல முடியுமா?”

அவர்மேல் வந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது. ஆனாலும் விட மனமில்லை. இது வெல்லம் காய்ச்சும் புகை, என் தட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று ஆய்வாளரிடம் மல்லுக்கு நின்றேன்.

“நீங்க சக்கையை எடுக்கலன்னா இங்க டயர் எரிஞ்சிருக்காதுங்களே” என்றார் அவர், மெதுவாக.

ஆலைக்கு வந்தவரைச் சுடுவெல்லம் தராமல் அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாமா உள்ளே போய், என் பட்டறைத் தட்டுகளையே பெருமையாக எடுத்து வந்தார். இளஞ்சூட்டு வெல்லத்தை அதில் வைத்து நீட்டினார். ஆய்வாளர் ருசித்துச் சாப்பிட்டார். நான் ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொண்டேன். மாமா தட்டுகளை வாங்கி அடுப்பில் எறிந்தார். குப்பென்று பற்றிக்கொண்டது.

“பாரு, உன் தட்டு இன்னா அழகா எரியுது.”

கேலி இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. பட்டறைப் பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. நாளைக்கு அவர்களிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆய்வாளரிடம், அறிக்கையில் இந்த டயர்ப் புகையையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன். பிறகு, எனக்காக டிராக்டரில் ஏற்றியிருந்த சக்கையை அந்த அடுப்புப் பக்கத்திலேயே இறக்கச் சொன்னேன்.