ஒண்ணு ரெண்டு அண்ணன்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே அவரை எல்லோரும் 'ஒண்ணு ரெண்டு அண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். டர்போ வைத்த காரைப் பழுதுபார்த்துக் கொடுக்கும்போது சாவியை நீட்டுவார், ஆனால் விடமாட்டார். மறுமுனையைப் பிடித்தபடியே சொல்வார்: "மிதிச்சதும் பாயும்னு நம்பாதீங்க. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. அப்புறம்தான் அது முழிக்கும்." முப்பது வருடமாக ஒருவரையும் விட்டதில்லை. பந்தயக் கார் ஓட்டுகிற ஒருவரிடமே இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். "மூணு பிள்ளைங்கன்னு வச்சுக்குங்க. சாதா இன்ஜின் தானா மூச்சிழுக்கும். சொன்ன வேலையைச் சொன்ன உடனே செய்யும், அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது. சூப்பர்சார்ஜர் வச்சது, இன்ஜினோட பெல்ட்டுலயே ஒரு காத்தாடியைச் சுத்தி, காத்தை உள்ள திணிக்கும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். ஆனா அந்தக் காத்தாடியைச் சுத்தவே தெம்புல ஒரு பங்கைத் தின்னுடும். டர்போ கெட்டிக்காரப் பய. வெளிய போற புகையிலேயே காத்தாடியைச் சுத்திக்குவான். ஆனா புகை சேரணும், காத்தாடி வேகம் பிடிக்கணும். அதுவரைக்கும் நீங்க எழுப்பிக்கிட்டே இருக்கணும், அவன் புரண்டு படுப்பான்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவருடைய தங்கை புருஷன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர்; டர்போ வண்டியைத் தொட்டிராத அவருக்கு அது வெறும் வேடிக்கைக் கதை.

மாப்பிள்ளைக்கு மருந்து விற்கும் வேலை. பன்னிரண்டு வருடம் ஒரே காரில், சாதா இன்ஜினில் ஊர் ஊராகச் சுற்றினார். மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அலுத்துப்போய், நல்ல வண்டி ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்றார். ஒரு பழைய டர்போ காரைத் தேடிப் பிடித்து, ஒரு மாதம் அதிலேயே விழுந்து கிடந்து சரிசெய்து, விடுமுறை நாள் மத்தியானம் தங்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார் அண்ணன்.

"மச்சான், பறக்குமா?"

"பறக்கும் மாப்ளே. அதுக்கு முன்னாடி ஒரு சேதி..." சாவியின் இரண்டு முனைகளிலும் இரண்டு கைகள்.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சாவியைப் பிடிச்சு இழுத்தது போதும், சோறு ஆறுது!"

இருவரும் சிரித்தார்கள். அண்ணன் சாவியை விட்டார். வீட்டு ஆள்தானே, சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் கண் சொக்கியது. பேச்சு வேறெங்கோ போனது.

நான்காம் நாள் மலைப்பாதையில் ஒரு லாரியை முந்துவதற்கு மாப்பிள்ளை வண்டியை வெளியே எடுத்தார். எதிரே பேருந்து வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் அந்த லாரி ஓட்டுநர் சொன்னார்: "வெளிய வந்த காரு அப்படியே யோசிச்ச மாதிரி நின்னுச்சுங்க. அப்புறம் திடீர்னு பாஞ்சுது. அதுக்குள்ள..." பதறிப்போய்க் கால் தடுமாறியிருக்கும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த யோசனை எதனுடையது என்று அங்கே அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும்.

காரியம் முடிந்தும் தங்கை அழவில்லை. கோபப்பட்டாள். புருஷனின் சட்டைகளை ஒரு பெட்டியில் திணித்து, நாடா ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே தள்ளினாள். "இடம் இல்லாத இடத்துல முந்தச் சொல்லி யாரு அழுதா? என்னையும் பிள்ளையையும் ஒரு நொடி நினைச்சாரா?" பதினோரு மாதம் இதே பேச்சு. அண்ணன் தன் நகக்கண்ணில் படிந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முந்த இடம் இருந்தது. மாப்பிள்ளையின் பழைய கார் அவருடைய ஷெட்டில்தான் நின்றது. ஒரு விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத அந்த வளைவுக்குப் போய், அதே ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தார். மிதித்ததும் போனது. இவ்வளவு இடம் போதும் என்று பன்னிரண்டு வருடமாக மாப்பிள்ளையின் காலைப் பழக்கியிருந்தது இந்த வண்டிதான். அங்கேயே ஓரங்கட்டி, வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா வந்திருப்பதைக் கேட்டு, தங்கை மகள் மாடியிலிருந்து தடதடவென்று ஓடிவந்தாள்.

"உங்கப்பன் மாதிரி பறக்காதேடி!" என்று தாய் கத்தினாள்.

பாதிப் படியில் பிள்ளை நின்றாள். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கிழவி மாதிரி.

அதைப் பார்த்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தங்கைக்குப் பின்னாலேயே சமையலறைக்குள் போனார்.

"மாப்பிள்ளை அவசரப்படலைம்மா."

எல்லாவற்றையும் சொன்னார். பழைய வண்டி, புதிய வண்டி, காத்தாடி, அந்த வளைவு. அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஒண்ணு ரெண்டை நீ அவர்கிட்ட சொல்லலியா?"

"சொல்லல."

"ரோட்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் சொன்னியே அண்ணே. அவருக்கு மட்டும் ஏன் சொல்லல?"

சோறு ஆறுது என்ற அவளுடைய குரல் அவர் காதுக்குள் கேட்டது. அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தார். இல்லை. இருக்கவே வேண்டாம்.

"மறந்துட்டேன்" என்றார்.

"நீயா மறந்தே?"

அவர் தலையாட்டினார்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "கிளம்பு. நானா கூப்பிடுற வரைக்கும் இங்க வராதே."

செருப்பை மாட்டும்போது, மாடிப்படிக்குக் கீழிருந்து நாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெட்டி திறந்தது. அதன்பின் அவள் அழுகிற சத்தம், பதினோரு மாதத்தில் முதல் முறையாக.

பிள்ளை வாசலுக்கு வந்தாள். "மாமா, அம்மா அப்பாவைத் திட்டறாங்களா?"

"இல்லடா. இனிமே திட்ட மாட்டாங்க."

தங்கை இன்னும் கூப்பிடவில்லை. என்றைக்காவது அவள் கேட்டால் கொடுக்கலாம் என்று, வாரம் ஒருமுறை அந்தப் பழைய காரைக் கிளப்பி, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்.