ஆறாவது விளக்குக்குப் போன வயர்

பத்தொன்பது வருடங்களில் அவள் அளந்து வெட்டிய வயரை நீட்டிப் போட்டால் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு மதியம் கடை முதலாளியே போட்ட கணக்கு. "அவ்வளவு தூரம் நடந்திருந்தா எங்கயாவது போய்ச் சேர்ந்திருப்பே" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

மேசை விளிம்பில் ஒரு மீட்டர் நீளப் பித்தளைப் பட்டை அடித்திருக்கும். அதில் அளந்து அளந்து அவளுக்கு மீட்டரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயரின் பருமனை விரலால் உருட்டியே சொல்லிவிடுவாள். வயர்மேன் பரீட்சையில் தேறியவள் என்பது கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தங்கை புருஷனுக்குத் தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் நீச்சல் கிளப்பில் மின் பராமரிப்பாளர் வேலை காலியானது. வேலையோடு இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அந்தப் பக்கமாகத்தான் போகிறேன், கொடுத்துவிடுகிறேன் என்று அவள் விண்ணப்பத்தை வாங்கிப் போனவன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தான். அவளுடையது ஒரு வருடம் கழித்துத் தங்கை வீட்டு அலமாரியில், பாத்திரத்துக்கு அடியில் விரித்த காகிதமாகக் கிடைத்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கிளப்பில் இப்போது குளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். தண்ணீருக்குள் ஆறு விளக்குகள், பன்னிரண்டு வோல்ட். வயர் வாங்க அவனே வந்தான். தண்ணீர் புகாத ரப்பர் உறை வயர், பருமன் ஒன்றரை ஸ்கொயர், நீளம் முப்பத்திரண்டு மீட்டர் என்றான்.

"ஆறு ஸ்கொயர் எடுங்க மாப்பிள்ளை. வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். ஒன்றரையில போனா வழியிலேயே கரைஞ்சு, கடைசி விளக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "பூனையைக் கட்ட யானைச் சங்கிலி கேக்குறாங்க பாருங்க. வயர் வெட்டுறதுதான் உங்க வேலை, அக்கா. வெட்டுங்க."

சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவள் வெட்டினாள். யாருக்கும் ஒரு சாண் அதிகமாகப் போட்டுக் கொடுப்பது அவள் வழக்கம். இந்த முறை பட்டையின் கோட்டில் கத்தரி வைத்தாள். ரசீதில் 'கேட்டு வாங்கியது ஒன்றரை' என்று எழுதி அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, கடையின் பின்வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் விளக்கு பளிச்சென்று எரிகிறதாம், போகப் போக மங்கி, ஆறாவது உயிர் போகிற கண் மாதிரி இருக்கிறதாம். ஏழு மணிக்குத் திறப்பு விழா.

"இது சொதப்பினா வேலையும் போயிரும், குவார்ட்டர்ஸும் போயிரும்க்கா. உங்க தங்கச்சி நடுத்தெருவுலதான் நிக்கணும். ஏதாவது வழி சொல்லுங்க."

வழி அவள் முதுகுக்குப் பின்னால் சுருளாகத் தொங்கியது. கடைசி மூன்று விளக்குகளுக்குத் தனியாக ஒரு தடித்த வயர் இழுத்தால் போதும், இரண்டு மணி நேர வேலை. அவள் அந்தச் சுருளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் செருப்பைப் பார்த்தாள்.

"டிரான்ஸ்ஃபார்மர்ல பன்னெண்டுக்குப் பக்கத்துல வேற முனை இருக்குமே?"

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு இருக்கு."

"பதினஞ்சுல மாட்டுங்க."

இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பதினோரு வருடம் சம்பளம் வாங்கியவன், கும்பிடாத குறையாகப் போனான்.

முதல் விளக்குக்கு வயர் நாலே மீட்டர். வழியில் கரைய ஒன்றும் இல்லை. பதினைந்தும் முழுசாக அதன் தலையில் இறங்கும். பன்னிரண்டுக்கு மேல் தாங்காது என்று அந்த விளக்கின் டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். கடையில் விற்கிற அதே ரகம், அவள் படித்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஆறும் எரிந்தன. கைதட்டினார்கள். கிளப் தலைவர் அவனை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஏழு இருபதுக்கு முதல் விளக்கு போனது. ஒன்று குறைந்ததும் அடுத்ததில் வோல்ட் ஏறி, இரண்டாவதும் போனது. மூன்றாவது போனபோது கூட்டத்தில் யாரோ எண்ண ஆரம்பித்தார்கள், மற்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஐந்துக்கு வந்ததும் விசில் பறந்தது. தலைவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, இந்த வேலையைப் பார்த்த மேதை இவர்தான் என்று மைக்கிலேயே அறிமுகப்படுத்தினார். மங்கிக் கிடந்த ஆறாவது மட்டும் கடைசிவரை எரிந்தது, அவன் முகத்தை எல்லோரும் பார்க்கிற அளவுக்கு.

மறுநாள் காலை கிளப்பிலிருந்து கடைக்கு ஆள் வந்தது. முதலாளி ரசீதை எடுத்து நீட்டினார். ஒன்றரை, கீழே கையெழுத்து. வந்தவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள்.

அன்று மாலை தங்கை போன் செய்தாள். அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

"பதினஞ்சுல போடச் சொன்னது நீதானாமே. தெரிஞ்சேதான் சொன்னியா?"

"உங்க வீட்டு அலமாரியில பாத்திரத்துக்கு அடியில எது விரிச்சுக் கிடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தங்கை அழாமல், நிதானமாகச் சொன்னாள்: "தெரியும். விரிச்சதே நான்தான். எங்களுக்குப் போக வேற இடம் இல்லக்கா."

மீட்டரம்மாவின் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. அளந்து பார்த்தாள். அறை மூன்றரை மீட்டருக்கு மூன்று. தங்கை, அவள் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள் என்று நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் வண்டி வருகிறது. அவள் தன் பாயைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாள்.