ஒரு பேன்ட், இரண்டு கதவுகள்

ஹைதராபாத் அடுக்குமாடி வீடுகளில் காலை ஆறு மணிக்குப் படியிறங்கிப் போனால் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை, பைகள்தான் படுகின்றன. ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் ஒரு பை. பால் வேண்டுமென்று முந்தைய நாள் செல்போனில் தட்டிவிட்டால், விடிவதற்குள் யாரோ வந்து பாக்கெட்டுகளை அந்தப் பைக்குள் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மாரெட்பள்ளியில் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஐந்து வருடமாகிறது. எங்களுக்குப் பால் கொண்டுவருபவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. மற்ற கதவுகளில் துணிக்கடை, நகைக்கடைப் பைகள் தொங்கும். எங்கள் கதவில் தொங்குவது என் கணவரின் பழைய பேன்ட்டின் ஒரு கால். வெட்டி, அடியைத் தைத்து, இடுப்புப் பட்டியில் பாதியைக் கைப்பிடியாக வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம், நல்ல கெட்டித் துணி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பைக்குள் பாலோடு இரண்டு சுடிதார்கள் இருந்தன. இஸ்திரி போட்டு மடித்தவை. மறுநாள் லிஃப்ட்டில் எதிர்வீட்டு ஸ்வப்னா என் முகத்தைப் பார்க்காமல், "ஏமீ அனுகோகண்டி அக்கா" என்றாள். தப்பாக நினைக்க வேண்டாமாம். அவள் மகள் ஆத்யாவுக்குச் சின்னதாகிவிட்டது, என் மகள் கயலுக்குச் சரியாக இருக்கும். நான் எதையும் தப்பாக நினைக்கவில்லை. நல்ல துணி, கிழிசல் இல்லை. வாங்கிக்கொண்டு, பீர்க்கங்காய்த் தோல் துவையல் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் அவர்கள் வயலில் விளைந்த அரிசி ஒரு பை வந்தது. ஹைதராபாத்காரர்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் எட்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதி அனுப்புவதை இருக்கும் இடத்துக்குள் அடக்குவது என் வேலை. தேவையில்லாத சொல்லை எடுத்துவிட்டால் செய்தி கெடாது, தெளியும் என்பதை அந்த மேசையில் கற்றேன். கணவருக்கு இங்கே மாற்றல் வந்ததும் வேலையை விட்டேன். விட்டதில் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டையும் அப்படித்தான் நடத்துகிறேன். குடிநீர் சுத்திகரிக்கும் பெட்டி கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறேன். பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடிவைக்கிறேன். மீதி தானாக வேகும். செவ்வாயும் சனியும் பஸ் ஏறி மோண்டா மார்க்கெட் போகிறேன். ஊரில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. எல்லோரும் செய்வதற்கு யார் பெயர் வைப்பார்கள்? இங்கே எங்கள் மாடியில் பஸ்ஸில் போய்க் காய் வாங்குகிற பெண் நான் ஒருத்திதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணவர் வேலை செய்வது காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில். கயலின் பள்ளிக்காக இவ்வளவு தள்ளிக் குடியிருக்கிறோம். வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது அங்கே விதி, பேசாமலிருந்து பழகிவிட்டது. யாராவது கேட்டால் "காஞ்சன்பாக் பக்கம் போறார்" என்பேன். காலை ஆறரைக்கு, கட்டடம் முழுதாக விழிக்கும் முன், ஒரு துணிப் பையில் சாப்பாட்டோடு கிளம்பி மெயின் ரோட்டில் அலுவலகப் பேருந்தைப் பிடிப்பார். அடையாள அட்டையைப் பேருந்துக்குள்தான் கழுத்தில் மாட்டுவார். அந்தச் சுடிதார்கள் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. "இதையெல்லாம் போய் ஊருக்குச் சொல்லிட்டு இருக்காத" என்று கூச்சப்பட்டார். சொல்லவில்லை. ஆறு வாரம் லுங்கியோடு பால்கனியில் உட்கார்ந்து பகல் பதினோரு மணிக்குக் கீரை ஆய்ந்தார்.

திருநெல்வேலியாக இருந்தால் இரண்டாம் நாளே எதிர்வீட்டம்மா கேட்டிருப்பார்: "என்ன, சார் வேலைக்குப் போகலியா? சஸ்பெண்டா?" கேட்டால் மனம் சுருக்கென்றிருக்கும், ஆனால் பதில் சொல்லிவிடலாம். ஹைதராபாத் மரியாதையான ஊர். யாரும் கேட்கவில்லை. தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

விஷயத்தைக் கொண்டுவந்தவள் கயல். எட்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் அவளுக்கு எந்த மொழி கைக்கு அகப்படுகிறதோ அதில் பதில் வரும். அன்று பள்ளிப் பையை இறக்காமலே அழுதாள்.

"ஆத்யா சொல்றா, டோன்ட் ஃபீல் பேட், யுவர் டாடி வில் கெட் எ குட் ஜாப்னு. அவ மம்மி பூஜை ரூம்ல அப்பாவுக்காக வேண்டிக்கிறாங்களாம். நான் அவ டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு ஆன்வல் டேக்கு வேற போனேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"லிஃப்ட்ல எல்லா ஆன்ட்டியும் என்னப் பாவமா பாக்குறாங்க. இனிமே எனக்கு இது நக்கோ, வேணாம். நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். எங்கள் பதிப்பில் அதை எழுதியவள் நான். திருத்தம் சின்னதாக இருக்க வேண்டும். பிழை எப்படி வந்தது என்று விளக்கக்கூடாது, யார்மேலும் பழி போடக்கூடாது. மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்: என் கணவருக்கு வேலை போகவில்லை, உடம்பு சரியில்லாமல் இருந்தார், உங்கள் அன்புக்கு நன்றி. அரிசிக்கு ஈடாக என்ன செய்வது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. நான் போவதற்குள் ஸ்வப்னாவே வந்துவிட்டாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பீர்க்கங்காய்த் தோலைத் தனியே எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தெலுங்கில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எங்கம்மாவும் தோல்ல பச்சடி பண்ணுவாங்க அக்கா. நான் எப்ப விட்டேன்னு தெரியல." பிறகு, அதே குரலில்: "ரவிக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு."

மாதாப்பூர்ப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர் அவள் கணவர். இரண்டு மாதமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு ஷாப்பிங் மாலின் உணவுக்கூடத்தில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஆத்யாவுக்குத் தெரியாது. ஸ்வப்னாவின் பெற்றோருக்கும் தெரியாது.

"வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது அக்கா. உங்களுக்குத் தெரியும் இது எப்படி இருக்கும்னு."

இரண்டு ஆண்கள் தினமும் எங்கள் மாடியிலிருந்து கிளம்புகிறார்கள். லேப்டாப் பையோடு போகிறவருக்கு வேலை இல்லை. துணிப் பையோடு போகிறவருக்கு இருக்கிறது. பார்க்கிறவர்கள் பையைத்தான் பார்த்தார்கள், நானும்தான்.

"சார் எத்தன நாளா வீட்டுல இருக்காரு?" என்று கேட்டாள்.

கயல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். திருத்தம் என் நாக்கில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் என் வீட்டின் மானம் அந்த நிமிடமே திரும்பி வந்திருக்கும். ஸ்வப்னா தன் கஷ்டத்தை, அதைப் பட்டேயறியாத ஒருத்தியிடம் அவிழ்த்துவிட்டதாக உணர்ந்து எழுந்து போயிருப்பாள். திரும்ப அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"ஆறு வாரம் இருந்தாரு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு திங்கக்கிழமை போக ஆரம்பிச்சாரு. இப்ப நல்லா இருக்காரு."

ஒவ்வொரு சொல்லும் சரி பார்த்தால் நிற்கும். மொத்தமும் பொய். எங்கள் செய்தி ஆசிரியராக இருந்தால் பிடித்திருப்பார். கயல் பிடித்துவிட்டாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்வப்னாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன், அதில் கலப்படமில்லை. "அவர மாலுக்கு அனுப்பாத. வீட்டுல இருக்கச் சொல்லு. கீரை ஆயச் சொல்லு. வானம் இடிஞ்சு விழுந்துராது." பத்து நாள் கழித்து, பகல் பதினோரு மணிக்கு, ரவி அரைக்கால் சட்டையோடு எதிர் பால்கனியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கப் போனவர், வைக்காமல் தலையசைத்தார்.

அன்றுமுதல் ஸ்வப்னா என்னோடு மோண்டா மார்க்கெட் வந்தாள். பேரம் பேசுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு இருப்பது பொறுமை, அவளுக்கு இருப்பது தெலுங்கு. வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பதை நிறுத்தினாள். சுத்திகரிக்கும் பெட்டி கழித்த தண்ணீரை ஏர் கூலருக்கு ஊற்றினாள். என் பால் பையைத் தடவிப் பார்த்து, "இது மாதிரி எனக்கொண்ணு" என்றாள். பேன்ட்டின் மறு கால் அலமாரியில் இருந்தது. தைத்துக் கொடுத்தேன்.

கயல் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் லிஃப்ட்டிலிருந்து வந்தவள் சொன்னாள்: "ஸ்வப்னா ஆன்ட்டி கேட்டாங்க, டாடியோட ஜாப் எப்படி இருக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"பாகுந்தி ஆன்ட்டின்னு சொன்னேன்." நன்றாக இருக்கிறதாம். செருப்பைக் கழற்றி எறிந்தாள். "ஸ்டார்ட் பண்ணது நீங்க."

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். "நல்லதுதான், போ. நாப்பத்தாறு வயசுல புதுசா வேல கெடச்ச மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் வழக்கத்தைவிட விறைப்பாகக் கிளம்பிப் போனார்.

ரவிக்கு ஐந்தாவது மாதம் வேலை கிடைத்தது. முந்தையதைவிடச் சின்ன வேலை. ஸ்வப்னா ஒரு பாத்திரம் நிறையப் புளிஹோரா கொண்டுவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தாண்டி வந்தீங்கன்னு தெரிஞ்சதாலதான் அக்கா நான் நின்னேன்" என்றாள். நான் தாண்டாத ஆறு அது. அப்போதும் சொல்லவில்லை. இனியும் அவளிடம் சொல்வதாக இல்லை. ஒரு தவறான காரணத்துக்காக, இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு நான் வேண்டியவளாகிவிட்டேன்.

ஆனாலும் பழைய தொழில் விடுவதில்லை. பிழை தெரிந்தபின் திருத்தம் போடாமல் பதிப்பை முடிக்கக்கூடாது. ஸ்வப்னாவால் படிக்க முடியாத எழுத்தில், திருநெல்வேலியிலும் வேறெங்கெங்கோவும் இருக்கிற உங்களுக்காக இங்கே போடுகிறேன்: என் கணவருக்கு ஒருநாளும் வேலை போகவில்லை. பிழைக்கு வருந்தவில்லை.

இன்று காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. ஒரு கால் என் கதவில், ஒரு கால் அவள் கதவில், இரண்டிலும் பால் கனத்துக்கொண்டு, காஞ்சன்பாக்குக்கு மூன்று வருடம் போய்வந்த அந்தச் சாம்பல் நிற பேன்ட் எங்கள் மாடியின் குறுக்கே காலகற்றி நின்றது.