பூபாலன் முகம்

செய்தி வந்தது காலை ஏழேகாலுக்கு. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் பிடிக்கும் அவசரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். போனில் பத்மா அண்ணியின் பெயர் வந்தது. அவள் காலையில் கூப்பிடுகிற ஆளில்லை.

"ஷோபனா, உங்கண்ணன் எழுந்திரிக்கல. உடம்பு ஜில்லுன்னு கீது. நீ வா."

அழாமல் சொன்னாள். பாக்ஸை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நான்தான் கொஞ்ச நேரம் நின்றேன்.

பூபாலன் என் அண்ணன். மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். ஐம்பதைத் தொடவில்லை. நல்ல வேலைக்காரன் என்று முதலாளி சொல்வார். ஆனால் ஊரில் அவனை விசாரித்தால் யாருக்கும் லேத் ஞாபகம் வராது. "யாரு, ஜீவரதன் பூபாலனா?" என்பார்கள். ஜீவரதன் ஒரு நடிகர். பெரிய நடிகர் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடமாக அண்ணன் காதில் விழுந்துவிடுமே என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்லலாம். அவர் கடைசியாகக் கதாநாயகனாக நடித்தபோது லாவண்யா பிறக்கவில்லை. லாவண்யா அண்ணனின் ஒரே மகள், இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த மனிதர் இன்று சீரியலில் மாமனாராக வருகிறார். அண்ணனுக்கு மட்டும் அவர் இன்னும் குதிரையில் வந்துகொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள், ஐஸ் பெட்டியும் வந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, தெருமுனையில் ஏதோ கூட்டம் என்று கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். பேனர் கட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு நடிகர் ஜீவரதன், கறுப்புக் கண்ணாடி போட்டு, பல் தெரியச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. அவர்மேல் பூ கொட்டிக்கொண்டிருந்தது. கீழே இடது மூலையில், ரேஷன் கார்டில் ஒட்டுகிற அளவில், என் அண்ணன்.

பேனரைக் கட்டிய வேம்புலி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பாடி பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஜீவரதன் ரசிகர் மன்றத்தில் அண்ணனுக்கு அடுத்த ஆள் அவர்தான். மன்றத்தில் மொத்தமே ஆறேழு பேர்தான் மிச்சம்.

"வேம்புலி அண்ணே, இது யாருக்கு வெச்ச பேனர்?"

"இன்னா தங்கச்சி இப்டி கேக்குற? மச்சானுக்குத்தான்."

"அவர் ஆள் உயரத்துக்கு நிக்கிறாரு. எங்கண்ணனைத் தேட வேண்டியிருக்கு."

"போன மாசம் ஜீவரதன் அண்ணன் பொறந்த நாளுக்கு அடிச்ச டிசைனு இது. கடைக்காரன் அர்ஜென்ட்ல மேல எழுத்த மட்டும் மாத்திக் குடுத்துட்டான். நீ ஒண்ணும் பேஜார் ஆவாத. அண்ணன் படம் இல்லாம பேனர் வெச்சா மச்சான் ஆத்மா நம்மள சும்மா வுடாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பேனரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, எப்போ? நேத்து கூட சீரியல்ல வந்தாரே!" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இடது மூலையை அவள் பார்க்கவே இல்லை.

மத்தியானத்துக்குள் பாதி அம்பத்தூருக்கு ஜீவரதன் செத்துவிட்டார். எங்கள் தெருவில் வண்டி வைக்க இடமில்லை. பந்தலுக்குள் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து பெட்டியை எட்டிப் பார்த்து, ஏமாந்து, "இது வேற யாரோப்பா" என்று திரும்பினார்கள். என் அண்ணன் அவன் வீட்டு வாசலிலேயே வேற யாரோ ஆகிவிட்டான். வேம்புலிக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. "பாரு தங்கச்சி, மச்சானுக்கு எம்மாங் கூட்டம்!" என்று நாலைந்து முறை சொன்னார்.

பிறகு ஜீவரதனின் பேஜில் அறிவிப்பு வந்தது. வேம்புலி பந்தலில் நின்று சத்தமாகப் படித்தார். 'அண்ணன் பூரண நலத்துடன் உள்ளார். அம்பத்தூர் பகுதியில் சில விஷமிகள் வைத்துள்ள பேனரை நம்ப வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' விஷமிகள் என்ற இடம் வந்ததும் குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து அழாத மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நம்மளப் போயி விஷமின்னுட்டாங்களே, தங்கச்சி. மச்சான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெனம் அதே பேஜ்ல பேசிகினு இருந்தவன். முந்தாநாளு கூட, அண்ணன் போட்டோக்குக் கீழ, 'ரெண்டு நாளா நெஞ்சு எரியுதுண்ணே, தூக்கம் வரல'ன்னு போட்டிருந்தான். அங்கேர்ந்து ஹார்ட்டு வந்துச்சே!"

"என்ன வந்தது?"

"ஹார்ட்டு. செவப்பு ஹார்ட்டு."

லாவண்யா தன் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்கிட்ட ஓமத்தண்ணி இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். அவ்ளோதான்."

யாரோ தெரியாத நூறு பேர் கண்ணில் அது பட்டிருக்கும். லைக் கூடப் போட்டிருப்பார்கள். பக்கத்து அறையில் இருந்த எங்கள் லாவண்யாவுக்குத் தெரியாது. எனக்கு அன்று அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. செத்தவனை எழுப்பி நாலு கேள்வி கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன்.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பேனரை வேம்புலியே அவிழ்த்தார். நடிகர் முகம் மடியாதபடி பக்குவமாகச் சுருட்டி ஆட்டோவில் வைத்துக்கொண்டார். என் அண்ணன் எந்த மடிப்புக்குள் போனான் என்று அவர் பார்க்கவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன், பதினாறாம் நாள் படத்திறப்பில் வைக்கும் படத்திலாவது பூபாலன் மட்டும் இருக்க வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது இவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் நினைக்கவில்லை. அவன் போனில் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஜீவரதன் கார் ஏறுகிறார், ஜீவரதன் காது குத்து விழாவில் சாப்பிடுகிறார், ஜீவரதனின் நாய். அண்ணன் இருக்கும் படங்களில் அவன் கட்அவுட்டுக்குக் கீழே கழுத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிறான், அல்லது பால் பாக்கெட்டோடு ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான். ஆதார் படத்தில் போலீஸ் பிடித்து வந்தவன் போல இருந்தான். கல்யாணப் படத்தில் இருக்கும் ஒல்லிப் பையனை லாவண்யாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது எரிச்சல்தான் மேலும் மேலும் வந்தது. ஜீவரதனின் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியபோது இவன் திருமுல்லைவாயல் கோயிலில் அர்ச்சனை செய்தான். சொந்த மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் "ஏதோ பி.காம்னு சொல்லிச்சு" என்பான். ஒருமுறை பேஜிலிருந்து 'நன்றி தம்பி' என்று பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டான். "அப்பா, அத நடத்துறது ஒரு கம்பெனி. சம்பளத்துக்கு யாரோ டைப் பண்றாங்க" என்று லாவண்யா சொல்லிப் பார்த்தாள். "அவரு சொல்லாமயா டைப் பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன பொங்கலுக்கு நானும் கேட்டேன். "ஏண்ணே, அந்த ஆளுக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியணும்னு இன்னா கீது? எனக்கு அவரத் தெரியும் இல்ல?"

"அது போதுமா?"

"த பாரு ஷோபா. உங்கிட்ட ஒண்ணு சொன்னா ஒம்போது கேள்வி கேப்ப. டாக்டராண்ட போனியா, சீட்டு எங்க, மாத்திர துண்ணியா, எதுக்கு பீடி குடிக்கிறன்னு. உங்க அண்ணிகிட்ட சொன்னா ராத்திரி பூரா அழும். அவராண்ட சொன்னா ஒண்ணும் கேக்கமாட்டாரு. சொன்னமா, போனமான்னு கீது."

அப்போது கோபத்தில் எழுந்து போய்விட்டேன். இப்போதும் கோபம்தான். கேள்வி கேட்காதவர் நல்லவர் என்று எப்படி முடிவு செய்தான்? அக்கறை இருப்பவர்கள்தானே கேட்பார்கள்? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்க இரைச்சலில் லேத் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது பாரமாகத்தான் இருந்திருக்கும். வாய் திறக்காத ஒரு முகத்திடம் எதைச் சொன்னாலும் அது நமக்குப் பிடித்த பதிலையே சொல்லும். அந்த வசதியோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது?

கடைசியில் ஒரே ஒரு நல்ல படம் கிடைத்தது. கோயம்பேடு பக்கம் ஒரு மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு நடந்தபோது எடுத்தது. வரிசையில் போய் நிற்க வேண்டும், அவர் தோளில் கை போடுவார், படம் எடுத்ததும் நகர்த்திவிடுவார்கள். அந்தப் படத்தில் அண்ணன் சிரிக்கிறான். எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. கண் இரண்டும் மூடிப்போகிற அளவுக்குச் சிரிப்பு.

பாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹேமநாதனிடம் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரை வெட்டிவிடச் சொன்னேன். நேற்று ஒரு மாதிரிப் படம் அனுப்பினார். நடிகர் போய்விட்டார். பின்னால் நீல வானம் வைத்திருக்கிறார். ஆனால் அண்ணனின் இடது தோளில் நான்கு விரல் மட்டும் இருக்கிறது, ஒன்றில் கல் வைத்த மோதிரம். கூடவே ஹேமநாதனின் குரல் பதிவும் வந்தது. "மேடம், அந்தக் கையையும் எடுத்துட்டு சட்டைத் துணியை நிரப்பிடலாம், தெரியாது. எடுத்துடவா, இருக்கட்டுமா?"

எடுத்துவிடுங்கள் என்று உடனே சொல்லியிருப்பேன். முறைக்காக அண்ணியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கை இருக்கட்டும் ஷோபனா."

"என்ன அண்ணி? விஷமின்னு சொன்னவன் கை. அதுக்கு நாம மாலை போடணுமா?"

"எனக்கு மட்டும் அந்தாளு மேல கோவம் இல்லியா? இருவது வருசம் எங்கூட சோறு துண்ட மனுஷன், நெஞ்சு வலிய அங்க போயி சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் என்ன? எடுத்துடலாம்."

"எடுத்தா, இவரு எதுக்கு இப்டி சிரிக்கிறாருன்னு பாக்குறவங்களுக்கு எப்டித் தெரியும்? பைத்தியம்னு நெனப்பாங்க."

"பைத்தியம்தானே அண்ணி?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் போன பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கண்ணன். நீயே பாத்து சொல்லு. எதுன்னாலும் எனக்கு சம்மதம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். விரல்களை என் கட்டைவிரலால் மறைத்தால் என் அண்ணன் மட்டும் இருக்கிறான், நான் கேட்டது போலவே. ஆனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்தோ நிற்கிறது. மறைக்காமல் பார்த்தால் மறுபடியும் ஆத்திரம் வருகிறது.

நாளை மறுநாள் படத்திறப்பு. நாளை காலையில் கடை திறந்ததும் பிரிண்ட் போட்டு, மத்தியானத்துக்குள் சட்டம் அடிக்க வேண்டும் என்று ஹேமநாதன் இரண்டாவது முறையும் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.